மாமன் மடி

“அண்ணே, எம்மகளை உங்க மடியில உக்கார வைக்க மாட்டேன்.”

சோலையம்மாள் இப்படிச் சொன்னதும் எழுமலைக் கோயில் வாசலில் கூடியிருந்த சனம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மேளமும் ஆட்டுக்கிடாயுமாகக் காதுகுத்துச் சீர் கொண்டுவந்திருந்த பேரையூர் காசிமாயனுக்கு முகம் செத்துவிட்டது.

“என்ன குறை வச்சேன் தாயி?”

“சீருல ஒரு குறையும் இல்ல. உங்களுக்கு நீரிழிவு வந்து ஆறு வருசமாச்சு. மதுரையில கண்ணைக் காட்டுங்கன்னு மூணு தடவை சொல்லிவிட்டேன், கேக்கல. காட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் காதுகுத்து கிடையாது.”

“எனக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது.”

“காட்டிட்டு வாங்க.”

“கூடப்பொறந்தவனைச் சபையில வச்சு அவமானப்படுத்துறாளே, இவளும் ஒரு பொம்பளையா?” என்றாள் பக்கத்து வீட்டு ராமக்காள். கேட்டவர்கள் எல்லாரும் ஆமாம் போட்டார்கள். போடத்தானே செய்வார்கள்.

தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்துகிற உரிமையை இழந்தால் ஊரில் தலை காட்ட முடியுமா? மறுநாளே காசிமாயன் முறைத்துக்கொண்டு கரி பஸ் ஏறினார். யுத்த காலம், பெட்ரோலுக்குப் பஞ்சம். கரிப்புகையில் ஓடிய அந்த பஸ் மதுரை போய்ச் சேர உச்சிப்பொழுது ஆகிவிட்டது.

கண் டாக்டர் மருந்து விட்டு, ஜன்னலைச் சாத்தி, சின்ன விளக்கொன்றைப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“எல்லாம் தெளிவாத் தெரியுதுங்க. என்னத்தை இம்புட்டு நேரம் பாக்குறீங்க?”

“தெரியும்போதே பாக்கணும். கண்ணுக்குள்ள, பின்பக்கம் ரத்தம் கசிய ஆரம்பிச்சிருக்கு. இது வலிக்காது, முன்கூட்டிச் சொல்லவும் சொல்லாது. நல்ல நேரத்துல வந்தீங்க. ஊசி போட்டுக்கிட்டுப் பத்தியமா இருங்க, ஆறு மாசத்துக்கு ஒருதரம் வாங்க. பார்வையைக் காப்பாத்தப் பாக்கலாம்.”

காசிமாயனுக்கு வரும்போது இருந்த கோபம் இருந்த இடம் தெரியவில்லை.

“எழுமலையில இருக்குற என் தங்கச்சி சோலையம்மா விரட்டலேன்னா நான் வந்தே இருக்க மாட்டேங்க. ஊரே அவளைத் திட்டுச்சு, நானும் மனசுக்குள்ள திட்டினேன். அவ நல்லா இருக்கணும்.”

டாக்டர் விளக்கைக் கீழே வைத்தார்.

“சோலையம்மாவா? போன மாசம் இங்க வந்தாங்களே. அவங்களுக்கும் நீரிழிவுதான். உங்ககிட்டச் சொல்லலையா?”

“இல்லீங்களே. அவளுக்குக் கண்ணுல என்ன?”

“இடது கண்ணு போயிருச்சு. ரொம்பத் தாமதமா வந்தாங்க, என்னால ஒண்ணும் செய்ய முடியல. அதைச் சொன்னப்ப அவங்க அழக்கூட இல்ல. ‘எங்க அண்ணனுக்கும் இந்த நோய் இருக்கு, அவருக்கு இன்னும் நேரம் இருக்குமா’ன்னு மட்டும்தான் கேட்டாங்க.”