கேட்காத கேள்விக்குப் பதில்

பிலோமினா தையற்காரி. மாலை ஆறு மணிக்கு ஊர் வானொலி தெருவாரிடம் ஒரு கேள்வி கேட்கும்; தைத்துக்கொண்டே அவள் பதில் சொல்லுவாள்; வீட்டு வானொலிப் பெட்டியே அதைக் கேட்டு நிலையத்துக்கு அனுப்பிவிடும். ஒன்பது ஆண்டுகளில் ஒரு நாளும் தவறியதில்லை. ஆனால், ஒரு மாதமாக வானொலி அவளிடம் எதையும் கேட்கவில்லை.

செவ்வாயன்று, பக்கத்து வீட்டு மீன்காரி சகாயமேரி வாசலில் வந்து நின்றாள்.

"மீன் சந்தைய ஊருக்கு வெளிய தூக்கிரணும்னு ரேடியோவுல பேசுனீயளே மைனி. எங்க மீனு இப்பதான் நாறுதோ?"

"நான் பேசவே இல்லட்டி."

"உங்க கொரல் எனக்குத் தெரியாதாக்கும்?"

சகாயமேரி கேட்டுக்கொண்டிருக்கவே, பிலோமினா நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்தாள். அலுவலர் பணிவாகவே பேசினார்.

"உங்க பழைய பதில்களை வெச்சே, நீங்க என்ன சொல்வீங்கன்னு எங்களுக்குத் தெரியும்மா. அதை உங்க குரல்லயே நாங்க ஒலிபரப்பிடுறோம். தொந்தரவு செய்ய வேண்டாமேன்னுதான் கேக்கல."

சந்தை இருப்பதா, போவதா என்று மறுநாள் ஊர்க்கூட்டம் முடிவு செய்யவிருந்தது. மழைக்காலத்தில் ஒருமுறை வீட்டுக்குள் தனியே தைத்துக்கொண்டிருந்தபோது மீன் நாற்றத்தைப் பற்றி முணுமுணுத்தது பிலோமினாவுக்கு நினைவு வந்தது. அப்பொழுது வானொலி அவளிடம் கேள்வி எதுவுமே கேட்டிருக்கவில்லை.

அவள் அலமாரியின் மேலிருந்த வானொலியை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு சகாயமேரியின் கையைப் பற்றித் தெருவுக்கு அழைத்துச் சென்றாள்.

"நாளைக்குக் கூட்டத்துக்கு நானே வாறேன். சந்தை இங்கனயே இருக்கட்டும்னு என் வாயால சொல்லுதேன்" என்றாள், தாழ்ந்த குரலில்.