அடைப்பைப் பிடுங்கும் விழா

"யாரும் தும்மக்கூடாது" என்றார் அதிகாரி.

தும்மல் வராதவர்களுக்கும் அப்போதுதான் மூக்கு அரித்தது.

கொல்லையில் பதினோரு பிளாஸ்டிக் நாற்காலிகள். அக்கம்பக்கத்தார், நடைப்பயிற்சிக் கூட்டாளிகள், மனைவியின் தம்பி. எல்லோருக்கும் முன்னால், இடுப்பு உயர மேடையில், செங்கல்லால் ஆன பீட்ஸா அடுப்பு.

அதிகாரி அதை அடுப்பு என்று சொல்லமாட்டார். குவிமாடம் என்பார். மனைவி அதைக் கவிழ்த்த பானை என்பாள்.

அதிகாரி முப்பத்திரண்டு வருடம் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடித்தே தலை நரைத்தவர். தன் கையால் ஒன்றைச் செய்வது இதுவே முதல் தடவை.

செங்கல்லை அந்தரத்தில் வளைத்து அடுக்க முடியாது. உள்ளே தாங்கிப் பிடிக்க ஏதாவது வேண்டும். அதற்கு மனைவியின் உடற்பயிற்சிப் பந்தை எடுத்துக்கொண்டார். முதுகுவலிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்தது. ஆள் ஏறி உட்காரும் அளவுக்குப் பெரியது. அதன் மேலேயே செங்கல்லை வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டு போனார். பந்தின் அடைப்பு மட்டும் அடுப்பின் வாய்ப்பக்கம் இருந்தது. கலவை இறுகியதும் அதைப் பிடுங்கினால் காற்றுப் போய்ப் பந்து சுருங்கும். குவிமாடம் தானாக நிற்கும்.

அல்லது விழும்.

விழும் என்று சொன்னவர் கொத்தனார். சொன்ன அன்றே அவரை நிறுத்தியாயிற்று. இப்போது பக்கத்து வீட்டு வேலையைப் போட்டுவிட்டு, மதிலுக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் ஏறி நின்றுகொண்டிருந்தார்.

மனைவியோடு ஓர் ஒப்பந்தம் இருந்தது. அடுப்பு விழுந்தால் அந்த மூலை அவளுக்கு. அவளுடைய துணிக்கொடி பழையபடி அங்கே வரும். நின்றால் கொடி மொட்டை மாடிக்குப் போகும். அந்த முதுகோடு ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் இருபத்தாறு படி ஏற வேண்டும். எழுதி, கையெழுத்துப் போட்டு, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தார்.

பதினைந்து நாளாக அடுப்பின் வாயில் ஈரச் சாக்குத் தொங்கியது. யாரும் அதைத் தூக்கக்கூடாது. மொத்தப் பாரமும் பந்தின் மேல் நிற்கிறது, சின்ன அதிர்வு போதும் என்றார். வாஷிங் மெஷினுக்குத் தடை. கதவைச் சாத்தத் தடை. மச்சினர் மாடிப்படியில் நுனிக்காலில் இறங்கினார். அதிகாரியே கொல்லைப்பக்கம் பூனை மாதிரிதான் போனார்.

பந்தில்லாமல் முதல் வாரம் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இரண்டாவது வாரம் நிமிர்ந்துவிட்டாள். பந்தெல்லாம் வெறும் மனப்பிராந்தி என்று அதிகாரி அதற்கும் ஒரு சான்றிதழ் வழங்கினார்.

இன்று பதினேழு நிமிடம் உரையாற்றினார். நடுவில் அவர் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. மனைவி சட்டென்று குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

உரை முடிந்தது. சாக்கை விலக்கினார். வாய்க்குள் கையை விட்டார். பிறகு தோளை. பிறகு தலையை.

போன தலை திரும்பி வரவில்லை. கை உள்ளே எதையோ துழாவுவது மட்டும் முதுகில் தெரிந்தது.

"என்ன சார், அடைப்பைக் காணோமா?" என்றார் கொத்தனார்.

அதிகாரி பேசாமல் இருப்பதை அந்தத் தெரு அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது.

பிறகு உள்ளிருந்து சத்தம் வந்தது.

"ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்..."

நடுவில் ஒரு தடவை நின்றது. மூச்சு வாங்கினாற்போல் மறுபடி தொடர்ந்து, லேசாக எச்சில் தெறித்து அடங்கியது.

ஒரு செங்கல்கூட அசையவில்லை.

கைதட்டல் எழுந்தது. மச்சினர் பதினைந்து நாளாக அடக்கி வைத்திருந்த தும்மலை வரிசையாக ஏழு போட்டார். குவிமாடம் அதற்கும் அசையவில்லை.

தலை வெளியே வந்தது. மீசையெல்லாம் சுண்ணாம்பு.

"எல்லாம் கணக்கு" என்றார் அதிகாரி, நெற்றியைத் தொட்டுக் காட்டி.

"கணக்கு சரி சார். காத்துப் போன பந்தை எடுத்து ஒரு தடவ காட்டுங்களேன்" என்றார் கொத்தனார்.

அதிகாரி வாயைத் திறந்தார்.

"அது என்னோட பந்து. நான் எடுத்துக்குறேன்" என்று மனைவி குறுக்கே வந்தாள். சாக்கை இழுத்துப் பழையபடி தொங்கவிட்டாள். கணவர் மீசையைத் துண்டால் துடைத்துவிட ஆரம்பித்தாள். நல்ல குடும்பம் என்று நாற்காலிகள் மெச்சிக்கொண்டன.

துண்டுக்கு இந்தப் பக்கம் அவள் குரல் அவருக்கு மட்டும் கேட்டது.

"போன வாரம் நீங்க பென்ஷன் ஆபீஸ் போனீங்கல்ல, அன்னிக்கே புடுங்கி, பந்தை வெளிய எடுத்துட்டேன். விழுந்தா யாரும் பாக்காதப்ப விழட்டுமேன்னுதான். காத்து போக கால் மணி நேரம் ஆச்சுங்க. நீங்க ரெண்டே மூச்சுல முடிச்சிட்டீங்க."

துண்டை உதறி மடித்தாள்.

"கொடிய எங்க கட்டட்டும்?"

அதிகாரி சாக்கை விலக்கி, எதையோ சோதிப்பவர் போல, தலையை மறுபடி அடுப்புக்குள் விட்டுக்கொண்டார். குரல் மட்டும் எதிரொலித்து வந்தது.

"இதுக்குக் குறுக்காலயே கட்டிக்கோ."