பச்சை மாமரம்

“அம்மா, இந்த மரத்தை யாரும் விலை பேசிட்டாவளா?”

சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, யாரும் அழைக்காமலே முற்றத்துக்கு வந்து நின்றான் லிங்கராஜ். நேமத்தில் இருந்த அந்த வீட்டு முன்னால் நீலத் தார்ப்பாய் கட்டிப் பந்தல் போட்டிருந்தார்கள். வாடகை நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. பக்கத்தில், பருத்த மாமரம் ஒன்றைக் கூலியாள் ராஜையன் கோடாரியால் வெட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரி பகவதியம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ யாரு மக்கா?”

“தச்சு வேலைம்மா. சொந்த ஊரு வள்ளியூர். கரமனையில ஒரு ஷெட்டு பிடிச்சிருக்கேன். வந்து ஒரு மாசம்கூட ஆகலை. எந்த மரக்கடைக்குப் போனாலும் புது ஆளுன்னு விரட்டுதாவ. அறுப்பு மில்லுக்காரருதான் சொன்னாரு, ‘இந்த ஊர்ல வீட்டுக்கு வீடு மரம் நிக்கும். கோடாரிச் சத்தம் கேட்ட இடத்துல போய்க் கேளு, தடியைக் கொண்டா, அறுத்துத் தாரேன்’னு.”

ஊரெல்லாம் சைக்கிள் மிதித்து அலுத்தவனுக்கு இந்தச் சத்தம் காதில் விழுந்தது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதில் அவனுக்கு அப்படியொரு நம்பிக்கை.

“ஒரு நர்சரிப் பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு செய்யணும்மா. இங்க எனக்கு அதுதான் முதல் வேலை. திங்கக்கிழமைக்குள்ள மரத்தைக் காட்டலைன்னா வேற ஆளுக்குக் கொடுத்திருவாவ. இது மட்டும் கைகூடிட்டா பெண்டாட்டி பிள்ளையை இங்க கூட்டிட்டு வந்திருவேன்.”

ராஜையன் கோடாரியை நிறுத்தினார். “எடே, போடே அங்கிட்டு. பேசுத நேரமா இது?”

பகவதியம்மாள் கையை உயர்த்தி அவரைத் தடுத்தாள். “இருக்கட்டு ராஜையா. அவன் பேசட்டு.” பிறகு லிங்கராஜிடம், “இது விக்கதுக்கு இல்ல மக்கா. விறகுக்கு” என்றாள்.

“விறகுக்கா? பச்சை மரம்மா, புகையும். விருந்துச் சமையலுக்கு நான் நல்ல காஞ்ச விறகாக் கொண்டாந்து தாரேன். அடித்தடியை மட்டும் எனக்குக் கொடுங்க.”

“காஞ்சது வேண்டாம். இதுதான் வேணும். என் மகன் சிவதாணு சின்னப் பிள்ளையில பழத்தைத் தின்னுட்டு எறிஞ்ச கொட்டை, மரமாச்சு.”

“மகன் எங்கம்மா இருக்காவ?”

“மஸ்கட்ல வேலை. இன்னைக்குச் சாயங்காலம் பிளைட்டுல வாறான்.”

லிங்கராஜின் முகம் மலர்ந்தது. பந்தல், நாற்காலி, விறகு எல்லாவற்றுக்கும் இப்போது கணக்கு சரியாகிவிட்டது. அந்த அம்மாளின் கண்கள் ஏன் இப்படிச் சிவந்திருக்கின்றன என்பதும் புரிந்தது. கல்யாண வீட்டில் பெற்றவளுக்கு ஏது தூக்கம்!

“அப்படிச் சொல்லுங்க! மாப்பிள்ளையே அவருதானா! எத்தனை நாளு லீவு?”

“இனி திரும்பிப் போக மாட்டான்.”

“நல்லதாப் போச்சு. எவ்வளவு சம்பாதிச்சாலும் அம்மா பக்கத்துல இருக்க மாதிரி வருமா? என்னம்மா செஞ்சு வச்சிருக்கீய, மகன் வந்ததும் சாப்பிட?”

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

“புளிசேரி வச்சா சட்டியை வழிச்சுத் திம்பான். மீனைத் தொடமாட்டான். கூடப் பிறந்தவளுக்குத் தெரியாம எனக்கு மட்டும்னு போன்ல ரகசியம் பேசுவான்.” அவள் மரத்தை ஏறிட்டுப் பார்த்தாள். “பார்த்து மூணு வருசமாச்சு. முகம் எப்படி இருக்குதோ!”

“இன்னும் கொஞ்ச நேரம்தானே? கண்ணு நிறையப் பாருங்க.”

“உனக்கு அம்மை உண்டா?”

“ஊர்ல இருக்கா. எப்பப்பா வருவேன்னு கேட்டுக்கிட்டே கெடப்பா.”

“ஒருக்காப் போய்ப் பார்த்துட்டு வா மக்கா. நாளைக்கு நாளைக்குன்னு இருக்காதே.”

தலையை ஆட்டினானே தவிர, லிங்கராஜின் கண் மரத்தைவிட்டு அகலவில்லை. நல்ல வைரம் பாய்ந்த தடி. அடுப்புக்குப் போகிறதே என்று அவனுக்கு வயிறு எரிந்தது. திங்கட்கிழமை கழிந்தால் மறுபடி வள்ளியூருக்கே பஸ் ஏற வேண்டியதுதான். கடைசியாக ஒரு யோசனை வந்தது.

“அம்மா, கல்ஃப்ல இருந்து வாறவங்க பெரிய பெரிய மரப்பெட்டியில சாமான் கொண்டு வருவாவளே. உங்க மகனும் கொண்டு வாறாவளா?”

“பெட்டி ஒண்ணு வருது.”

“அதையாவது எனக்குத் தாங்கம்மா! உள்ள இருக்கதை எடுத்தப்புறம் உங்களுக்கு அந்தப் பலகை எதுக்கு? எனக்கு ரெண்டு பெஞ்சு தேறும்.”

கோடாரியைத் தரையில் போட்டுவிட்டு ராஜையன் பாய்ந்து வந்து அவன் சட்டையைப் பிடித்தார். “மூடுடே வாயை! வீட்டு மாமரத்தை இந்த ஊர்ல எதுக்கு வெட்டுவாங்கன்னு தெரியாதா உனக்கு?”

“விடு ராஜையா. அவனை ஏசாதே.” பகவதியம்மாள் படியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். “இத்தனை நாளா அழாம என் பிள்ளையைப் பத்தி என்கிட்ட பேசினது இவன் ஒருத்தன்தான்.”

வாழைமரமோ தோரணமோ கட்டாத பந்தலை அப்போதுதான் லிங்கராஜ் நிமிர்ந்து பார்த்தான்.

அவள் அவன் தோளில் கை வைத்தாள்.

“நாளைக்கு வந்து எடுத்துக்கோ மக்கா. என் பிள்ளையை இந்த விறகுமேல கிடத்தினப்புறம், அவன் வந்த பெட்டி எனக்கு எதுக்கு?”