கஞ்சி வரிசையில் ஓர் ஊர்க்காரி

“அந்தா, முக்காட்டை மூக்குவரைக்கும் இழுத்துவிட்டு நிக்கிறாவே, அவ எங்கட ஆளில்ல” என்றாள் ஆசியா உம்மா.

கற்பிட்டி அகதி முகாமில் அசர் தொழுகை முடிந்ததுமே நோன்புக் கஞ்சிக்கு வரிசை வளைந்து நீண்டுவிட்டது. முந்திய வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து உடுத்த உடுப்போடு துரத்தப்பட்டு வந்த சனத்துக்காகக் காய்ச்சுகிற கஞ்சி. கொஞ்ச நாளாகக் கடைசியில் நிற்பவர்களுக்குப் பானை வழிக்கிற சத்தந்தான் கிடைத்தது. முகாமுக்கு வெளியே உள்ள ஊர்க்காரர் யாரோ இடையில் புகுந்து வாங்குகிறார்கள் என்று பேச்சு எழுந்தது.

காவல் நிற்க ஆசியா உம்மாவைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவள் ஒரு நாளும் அந்த வரிசையில் நின்றதில்லை. யாழ்ப்பாணத்தில் இரும்புக் கடை வைத்திருந்தவரின் மனைவி. நோன்பு வந்தால் தெருவுக்கே கஞ்சி ஊற்றிய கை. ஏந்தி வாங்குகிற கஞ்சி தன் தொண்டையில் இறங்காது என்று வந்த புதிதிலேயே சொல்லிவிட்டாள்.

அதற்காக அவள் வீட்டில் யாரும் பச்சைத் தண்ணீரில் நோன்பு திறக்கவில்லை. முகாமை ஒட்டிய தன் வளவில் அவர்களுக்குக் குடிசை போட இடம் கொடுத்திருந்த சாரா உம்மா, தினமும் ஒரு வாளி கஞ்சியைக் குடிசை வாசலில் வைத்துவிட்டுப் போவாள். அண்டை வீட்டார் நோன்புக்குக் கொடுத்து மாறுவது எங்கும் உள்ள வழக்கம். அதில் மானக்கேடு ஒன்றும் இல்லை. வெறும் வாளியைத் திருப்பிக் கொடுக்கக் கூசி, ஆசியா உம்மா ஒரு பிடி முருங்கைக் கீரையாவது போட்டு அனுப்புவாள்.

கடலுக்குப் போகத் தடை வந்து, சாரா உம்மாவின் புருஷன் பாயிஸ் படகைக் கரையில் கவிழ்த்து வைத்த பிறகும் அந்தக் கஞ்சி தவறவில்லை.

ஆசியா உம்மா வரிசைக்குள் விறுவிறென்று நடந்தாள். முக்காடு போட்டவள் பின்வாங்கப் பார்த்தாள். ஆசியா உம்மா எட்டி அந்த முக்காட்டைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

சாரா உம்மா!

ஆசியா உம்மா முக்காட்டிலிருந்து கையை எடுத்தாள். ஆனால் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“உங்களுக்கு வீடிருக்கு, வளவிருக்கு. எல்லாத்தையும் விட்டிட்டு வந்த சனத்திட கஞ்சியிலயா கை வைக்கிறீங்க?”

சாரா உம்மா முக்காட்டை மறுபடி இழுத்து மூடிக்கொண்டாள். பின்னால் நின்ற ஒருத்தி, வீட்டுக்கார அம்மாவுக்குக் கதிரை போட்டு ஊற்றச் சொல்லி நக்கலடித்தாள். நாலு பேர் சிரித்தார்கள்.

அகப்பையோடு நின்ற மக்பூல் புத்தளத்திலிருந்து உதவிக்கு வந்தவன். இங்கே யார் எவர் என்று அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. அவன் குழம்பிப்போய்ச் சொன்னான்:

“இவவா? ஆசியா உம்மா வீட்டுக்கெண்டு சொல்லித்தானே ஒரு கிழமையா வாங்கிட்டுப் போறா!”

கூட்டம் ஆசியா உம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. இத்தனை மாதம் கட்டிக் காத்த பெயரை இவள் இந்த வரிசையில் கொண்டுவந்து போட்டுவிட்டாளே.

“என்ட பேரையா சொன்னீங்க?” என்று கத்தினாள். “என்ட பேரைச் சொல்லி வாங்கி யாருக்குக் குடுத்தீங்க? இத்தனை சனமும் கேக்கச் சொல்லுங்க.”

சாரா உம்மா சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். பிறகு மற்றவர்களுக்குக் கேட்காதபடி ஆசியா உம்மாவின் காதருகே குனிந்தாள்.

“மெதுவாக் கதைங்க லாத்தா, நீங்க குடிக்கிறது இதுதானெண்டு சனத்துக்குத் தெரிஞ்சிடும்.”