அளவான டிராக்சூட்

"அகலக் காலு வச்ச பழைய மாடல்தான் இப்ப ஃபேஷன், அக்கா," என்றாள் ஹட்டன் துணிக்கடைப் பெண்.

"கால் இறுக்கமா வேணும்மா, இல்லாட்டி தேயிலை மலையில அட்டை ஏறும். பெரிய பாக்கெட்டும் வேணும்," என்றாள் தவமணி.

வெள்ளைக்கோடு போட்ட நீல டிராக்சூட் அளவாகப் பொருந்தியது.

"நீங்க கோச்சா, அக்கா?"

"அப்படித்தான் வச்சுக்கோ. நாப்பது பேரு. நாளைக்குக் காலையில எல்லார் பேரையும் நான்தான் கூப்பிடணும். ஒரு பேருதான் வாயில வரமாட்டேங்குது."

கண்ணாடியில் தன்னைப் பார்த்து நிமிர்ந்தாள். பிறகு வாசலில் பையோடு நின்ற கணவனைப் பார்த்து, கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாகச் சொல்லாத பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டாள்.

"ராஜரத்தினம்!"

திடுக்கிட்டுத் திரும்பியவர், சிரித்தார்.

"இருக்கேன்! நாளைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுலயும் இதே சத்தத்துல கூப்பிடுங்க, புதுக் கங்காணி!"