எய்னோ கொண்டுவந்த தூக்குவாளி

ஃபின்லாந்தில் குடியேறியவர்கள் உள்ளூர் வழக்கத்தை மீறினால் போதும், மணிக்கட்டில் மாட்டியிருக்கும் வளையம் சிவந்து குடியுரிமைக்கான புள்ளியைக் குறைத்துவிடும். மொழியில் மங்கையர்க்கரசிக்கு முழுப் புள்ளி. எதிர்வீட்டு எய்னோ கேட்காமலே அவருக்குப் பருப்பு உருண்டைக் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்ததில்தான் ஐந்து புள்ளி போயிற்று. அதோடு நிறுத்திவிட்டாள். குடியுரிமைக்கு இன்னும் இரண்டே வாரம்.

அன்று மதியம் அழைப்புமணி அடித்தது. வாசலில் எய்னோ நின்றார். கையில் அவளுடைய எவர்சில்வர் தூக்குவாளி, அது நிறைய காட்டில் பறித்த நீலப் பழங்கள்.

"வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார். "சரி, இன்னிக்கு என்ன குழம்பு?"

மங்கை பதறிப்போய் வளையத்தைப் பார்த்தாள். பச்சையாகத்தான் இருந்தது.

"ஐயோ, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறீங்களே! இது உங்க ஊர் வழக்கமே இல்லையே!"

"இல்லைதான்." எய்னோ சட்டைக் கையை மடித்து வெறும் மணிக்கட்டைக் காட்டினார். "ஆனா நான் இங்கயே பொறந்தவன். எனக்கு எவன் புள்ளி குறைப்பான்? வழி விடுங்க, பசிக்குது."