பழைய கூலன்ட்

ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டுத் திறந்தாள். ஆவி வரவில்லை. இரவு முழுக்க ஆறிய எஞ்சின்.

ஸ்டாண்டுகளின் மேல் நின்ற காருக்கு அடியில் சரிந்து படுத்து, கீழே இருந்த திருகைத் தளர்த்தினாள். கூலன்ட் பேசினில் விழுந்தது. ஊற்றியபோது ரோஸ்மில்க் நிறம். இப்போது துருவேறிப் பானக நிறத்துக்கு வந்திருந்தது.

போன தடவை சர்வீஸுக்கு விட்டபோது பழைய ஆயிலையே வைத்து அனுப்பியிருந்தார்கள். அதிலிருந்து தன் கையைத் தவிர அவள் எதையும் நம்புவதில்லை.

கை நன்றாகவே வேலை செய்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பொறை மோப்பம் பிடித்துக்கொண்டு பேசின் பக்கம் வந்தது. ஃபிளாட் கேட்டில் வாழும் தெருநாய். டீக்கடைப் பொறை தின்று வளர்ந்ததால் அந்தப் பெயர்.

“ஏய், போ! தள்ளிப் போ!”

அவசரமாக வெளியே வந்து பேசினை மறைத்து உட்கார்ந்தாள். தரையில் சிந்தியிருந்ததைத் தண்ணீர் விட்டுக் கழுவினாள்.

“ஏம்மா அதை விரட்டறே? நீதானே தினம் சோறு வைக்கிறே?”

முதல் மாடி கோதண்டம் சார், கையில் செய்தித்தாளோடு.

அவருக்கும் பொறைக்கும் ஆகாது. அவர் ஸ்கூட்டரைக் கண்டாலே அது குரைக்கும். ஒருமுறை துரத்தியதில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டார். கார்ப்பரேஷனுக்கு எழுதிப் போட்டார். அவர்களும் வந்து பிடித்துப் போனார்கள். கருத்தடை செய்து, அடையாளத்துக்குக் காது நுனியை வெட்டி, அதே கேட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

“விரட்டாம? கூலன்ட் இனிக்கும் சார். நாய் ஆசையா நக்கிடும். கிட்னி போயிடும், அவ்வளவுதான்.”

“அப்படியா! நிறைய குடிக்கணுமோ?”

“கொஞ்சம் போதும் சார்.”

தெரிந்ததைச் சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது. டிஸ்டில்டு வாட்டர் விட்டு ஏன் அலச வேண்டும், புதுசை ஏன் மெதுவாக ஊற்ற வேண்டும், உள்ளே காற்று நின்றுவிட்டால் எஞ்சின் என்ன பாடுபடும், எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே செய்தாள். அவர் தலையாட்டிக் கேட்டார். இந்தக் காலத்தில் யார் இவ்வளவு பொறுமையாகக் கேட்கிறார்கள்!

அவர் மேலே போனதும் பழைய கூலன்ட்டைக் காலி எண்ணெய்க் கேனில் ஊற்றி மூடினாள்.

எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினாள். கியர் ஆயில் சூட்டில்தான் வண்டலோடு இறங்கும்.

இறங்கியது. கருஞ்சிவப்பு. கருகிய வாடை. பொறை தூரத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட் ஓரம் போய்ப் படுத்துவிட்டது. அந்த ஆயிலையும் அதே மாதிரி இன்னொரு கேனில் ஊற்றினாள். புனல் வைத்துப் புது ஆயிலை நிரப்பினாள். அளவுக்குச்சியை இழுத்துப் பார்த்தாள். கோட்டில் நின்றது.

கோதண்டம் சார் மறுபடி இறங்கி வந்தார்.

“அந்தப் பழைய கூலன்ட்டை எனக்குக் குடேம்மா. செடிக்கு ஊத்தலாம்னு.”

“செடி பட்டுப்போயிடும் சார்.”

“பரவாயில்லம்மா, குடு.”

அவள் அவரைப் பார்த்தாள். அவர் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட் ஓரம் பொறை படுத்திருந்தது.

சொல்லிக்கொடுத்ததே அவள்தான். எவ்வளவு போதும் என்பது உட்பட. தன் வாயின் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

மாட்டேன் என்று சொல்லலாம். சண்டை போடலாம். செடிக்குத்தானே கேட்டேன் என்பார். பிறகு தெருமுனைக் கடையில் புது டப்பாவாகவே வாங்கிக்கொள்வார். இந்த ஆள் கையும் களவுமாக மாட்டினால்தான் அடங்குவார்.

கேன்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

கையைத் துணியில் துடைத்தாள். கியர் ஆயில் இருந்த கேனை எடுத்து மூடியை இறுக்கினாள்.

“இந்தாங்க சார்.”

வாங்கிக்கொண்டு மாடியேறினார். நன்றி கூடச் சொன்னார்.

காரை ஸ்டாண்டுகளிலிருந்து இறக்கி, கூலன்ட் கேனை டிக்கியில் வைத்துப் பூட்டினாள்.

அன்று இரவு அவளுக்குத் தூக்கம் வராமல் இல்லை. கியர் ஆயிலை எந்த நாயும் தொடாது. ஒரே ஒருதரம் எழுந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

காலையில் கேட் ஓரம் ஒரு பிளாஸ்டிக் தட்டு. விளிம்பு வரை கருஞ்சிவப்பு.

பொறை பத்தடி தள்ளி வெயிலில் மல்லாந்து கிடந்தது. அவள் காலடி கேட்டதும் எழுந்து சோம்பல் முறித்தது.

“எவன் செஞ்ச வேலை இது? நாத்தம் தாங்கல” என்று வாட்ச்மேன் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார். பெருக்க வந்த செண்பகமும் விளக்குமாறோடு நின்றாள்.

கோதண்டம் சார் பால் பாக்கெட் எடுக்க வந்தார். நாயைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். கடைசியில் அவளைப் பார்த்தார்.

அவள் காரில் ஏறி ஸ்டார்ட் செய்தாள். கியரைத் தள்ளினாள். ஒரு குலுக்கல் இல்லை, வெண்ணெயாக விழுந்தது. கேட் வரை வந்து கண்ணாடியை இறக்கினாள். எல்லோருக்கும் கேட்கும்படியாகவே கேட்டாள்.

“செடி எப்படி சார் இருக்கு?”

வாட்ச்மேன் திரும்பி அவரைப் பார்த்தார். செண்பகமும் பார்த்தாள்.

கோதண்டம் சார் பால் பாக்கெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்தார். சிந்தாமல் தட்டை எடுத்தார். மாடிப்படியை நோக்கி மெல்ல நடந்தார்.

ஏதோ தின்னக் கொடுக்கத்தான் போகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். பொறை குரைக்கவில்லை. வாலை ஆட்டிக்கொண்டே அவர் பின்னால் போனது.